பறக்கும் ஸ்பிட்ஃபயர்: பராமரிப்பது எப்படி, கிட்டப் போய்ப் பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏர் ஷோ வீடியோக்களில் ஸ்பிட்ஃபயரைப் பார்த்தவர்களும், இங்கிலாந்து போகும்போது ஒன்றையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று நினைப்பவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பிரிட்டிஷ் விமானப்படையே இந்த விமானங்களைப் பறக்கும் நிலையில் வைத்துப் பராமரிக்கிறது. அதற்கென்று இருக்கும் பிரிவின் பெயர் 'பேட்டில் ஆஃப் பிரிட்டன் மெமோரியல் ஃப்ளைட்'. கீழே 'மெமோரியல் ஃப்ளைட்' என்று சொல்வதெல்லாம் அதைத்தான்.

ஸ்பிட்ஃபயர் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஒரே ஒருவர் உட்காரும் பிரிட்டிஷ் போர் விமானம். ஆர். ஜே. மிட்செல் தலைமையில் சூப்பர்மரீன் நிறுவனம் வடிவமைத்தது. முதல் மாதிரி 1936 மார்ச் 5 அன்று சவுத்தாம்ப்டன் பக்கத்தில் ஈஸ்ட்லீயில் பறந்தது. மிட்செல் அடுத்த வருடமே இறந்துவிட்டார். 1940 கோடையில் ஜெர்மன் விமானப்படையை எதிர்த்து நடந்த பிரிட்டன் வான்போரில் இதுவும் ஹரிக்கேன் என்ற இன்னொரு பிரிட்டிஷ் போர் விமானமும்தான் முன்னே நின்றன. 1948 வரை 20,000-க்கும் மேல் செய்தார்கள். அவற்றில் இன்று பறக்கும் நிலையில் இருப்பவை, உலகம் முழுவதும் சேர்த்து, சில டஜன்கள்தான்.

மெமோரியல் ஃப்ளைட்டில் என்னென்ன விமானங்கள் இருக்கின்றன?

ஆறு ஸ்பிட்ஃபயர் (அவற்றில் ஒன்று 2024-இல் விபத்துக்குள்ளானது, அதைப் பற்றிக் கீழே), இரண்டு ஹரிக்கேன், ஒரு லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம், ஒரு டக்கோட்டா போக்குவரத்து விமானம், அப்புறம் பயிற்சிக்காகச் சிப்மங்க் விமானங்கள். 1957 ஜூலையில் பிகின் ஹில் தளத்தில் மூன்று ஸ்பிட்ஃபயரும் ஒரு ஹரிக்கேனுமாகத் தொடங்கிய பிரிவு இது. 1976 முதல் லிங்கன்ஷையரில் உள்ள கோனிங்ஸ்பி தளத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே இன்றைய டைஃபூன் ஜெட்டுகள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

இவற்றில் உண்மையிலேயே போரில் பறந்தது ஏதாவது உண்டா?

உண்டு. ஒன்றைப் பற்றியாவது விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

பி7350 என்ற எண் கொண்ட மார்க் 2 ஸ்பிட்ஃபயர் ('மார்க்' என்பது ஒரு விமானத்தின் ரகத்தைக் குறிக்கும் எண்) 1940 ஆகஸ்டில் காஸில் பிராமிச் தொழிற்சாலையிலிருந்து வந்தது. அதே வருடம் அக்டோபர் 25 அன்று ஜெர்மன் மெசர்ஸ்மிட் போர் விமானம் ஒன்று சுட்டதில் அடிபட்டு, ஹேஸ்டிங்ஸ் பக்கம் வயிற்றோடு தரையிறங்கியது. ஓட்டியவர் லுட்விக் மார்ட்டெல் என்ற போலந்து விமானி, உயிர் பிழைத்தார். இறக்கையில் துளை விழுந்த இடத்தில் அன்று போட்ட ஒட்டுத் தகட்டை இன்றும் பார்க்கலாம். போர் முடிந்ததும், 1948-இல், பழைய இரும்புக் கடைக்குப் போவதுபோல இதை 25 பவுண்டுக்கு விற்றுவிட்டார்கள். வாங்கிய உலோக நிறுவனம் அதன் வரலாறு தெரிந்ததும் உடைக்காமல் விமானப்படைக்கே திருப்பிக் கொடுத்தது. 1968-இல் ஒரு திரைப்படத்துக்கு விமானங்கள் தேடியபோதுதான் இதைச் சரிசெய்து மறுபடி பறக்க வைத்தார்கள்.

ஏபி910 என்ற மார்க் 5-க்கும் ஒரு கதை உண்டு. காற்று பலமாக அடிக்கும் நாளில் விமானம் தரையில் ஓடும்போது வால் தூக்கிவிடாமல் இருக்க, தரைப் பணியாளர் ஒருவர் வாலின் மேல் உட்கார்ந்து வருவது வழக்கம். 1945-இல் மார்கரெட் ஹார்ட்டன் என்ற பெண் அப்படி உட்கார்ந்திருந்தபோது, அது தெரியாமல் விமானி மேலே ஏறிவிட்டார். வால் கனமாக இருப்பதை உணர்ந்து ஒரு சுற்று சுற்றி இறக்கினார். மார்கரெட் கட்டிப்பிடித்தபடியே பத்திரமாக வந்து சேர்ந்தார். அதே விமானம்தான் இன்றும் கோனிங்ஸ்பியில் நிற்கிறது.

எஞ்சினைப் பராமரிப்பது அவ்வளவு கஷ்டமா?

கஷ்டம்தான். பெரும்பாலான ஸ்பிட்ஃபயர்களில் இருப்பது ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின்: 12 சிலிண்டர், 27 லிட்டர், திரவத்தால் குளிரூட்டப்படுவது, சூப்பர்சார்ஜர் உள்ளது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் நான்கு வால்வு, இரண்டு ஸ்பார்க் பிளக். அதாவது 48 வால்வு, 24 பிளக், அந்தப் பிளக்குகளுக்கு மின்பொறி கொடுக்க இரண்டு மாக்னெட்டோ. இதில் எதுவும் கம்ப்யூட்டரைக் கேட்டு வேலை செய்வதில்லை. எல்லாவற்றையும் ஒரு மனிதர் கையால் தொட்டு, அளந்து, காதால் கேட்டுத்தான் சரிபார்க்க வேண்டும்.

ஸ்டார்ட் செய்யும் முன் மாக்னெட்டோ அணைந்திருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு ப்ரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றுவார்கள். சிலிண்டருக்குள் எண்ணெயோ கூலண்டோ (எஞ்சினைக் குளிரூட்டும் திரவம்) தேங்கியிருந்தால் சுற்றும்போதே கைக்குத் தெரிந்துவிடும். தெரியாமல் ஸ்டார்ட்டரை அழுத்தினால் உள்ளே தண்டு வளையலாம். ஆயில் ஃபில்டரில் உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு சின்ன மினுமினுப்புக்குக்கூடப் பதில் தேட வேண்டும். அது எங்கேயோ ஒரு பேரிங் தேய்வதன் முதல் தகவலாக இருக்கலாம்.

எஞ்சினின் முழுச் சக்தியையும் இன்று யாரும் கேட்பதில்லை. போர்க்காலத்தில் மார்க் 9-இன் மெர்லின் 66-க்கு சதுர அங்குலத்துக்கு +18 பவுண்டு வரை பூஸ்ட் கொடுக்க அனுமதி இருந்தது. பூஸ்ட் என்பது சூப்பர்சார்ஜர் உள்ளே தள்ளும் காற்றின் கூடுதல் அழுத்தம். இன்று பெரும்பாலும் அதில் பாதிக்கும் குறைவாகத்தான் வைத்துப் பறக்கிறார்கள். சில மாதங்கள் தாக்குப்பிடித்தாலே போதும் என்று செய்யப்பட்ட இயந்திரத்தை எண்பது வருடம் தாண்டியும் ஓட வைத்திருப்பது பெரிய அளவில் இந்தக் கட்டுப்பாடுதான்.

சில பிற்கால ஸ்பிட்ஃபயர்களில் மெர்லினுக்குப் பதிலாக 36.7 லிட்டர் கிரிஃபான் எஞ்சின் இருக்கும். அதன் ப்ரொப்பெல்லர் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். அதனால் டேக்-ஆஃபில் விமானத்தின் மூக்கு இழுக்கும் பக்கமும் மாறிவிடும். காலையில் ஒன்று, மாலையில் இன்னொன்று ஓட்டும் விமானிக்கு இது உயிர்ப் பிரச்சினை.

ஏர் ஷோவில் ஸ்டார்ட் செய்த உடனே அவசரமாகக் கிளம்பிவிடுகிறார்களே, கொஞ்ச நேரம் நிறுத்திக் காட்டக் கூடாதா?

கூடாது. ரேடியேட்டர் இறக்கைக்கு அடியில் இருக்கிறது. வானத்தில் பறக்கும்போது காற்று தாராளமாக அதற்குள் போகும். தரையில் நிற்கும்போது ப்ரொப்பெல்லர் தள்ளும் காற்று அந்த இடத்துக்குச் சரியாக எட்டுவதில்லை. போதாக்குறைக்கு, இறக்கி வைத்த சக்கரக்கால் வேறு அதை மறைக்கிறது. ஆகவே ஸ்டார்ட் செய்த நொடியிலிருந்து கூலண்ட் சூடு ஏறிக்கொண்டே போகும். ஆயில் சூடாகும் வரை கிளம்பவும் முடியாது; கூலண்ட் அதிகம் சூடானால் நிற்கவும் முடியாது. இரண்டுக்கும் நடுவில் விமானிக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான்.

வெயில் கொளுத்தும் நாளில், முன்னால் வேறு விமானங்கள் ரன்வேக்குக் காத்திருந்தால், எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்ப இழுத்துக்கொண்டு வருவதைத் தவிர வழியில்லை. பார்வையாளர்கள் ஏமாந்துபோவது புரிகிறது. ஆனால் அன்று அணைத்தது சரியான முடிவாகவே இருக்கும்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள்: தரையில் ஓடும்போது நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போகும். நீளமான மூக்கு முன்னால் இருப்பதை முழுக்க மறைத்துவிடுவதால், விமானி இடமும் வலமும் திருப்பி ஓரமாக எட்டிப் பார்த்துக்கொண்டேதான் நகர முடியும்.

பழைய பாகங்கள் எங்கே கிடைக்கின்றன?

மெர்லின் எஞ்சினைப் பொறுத்தவரை கொஞ்சம் அதிர்ஷ்டம் இருக்கிறது. ஏறக்குறைய ஒன்றரை லட்சம் செய்தார்கள். அமெரிக்காவில் பாக்கார்ட் நிறுவனமும் செய்தது. அதனால் பழைய எஞ்சின்களிலிருந்து பாகம் எடுக்க முடிகிறது. கிடைக்காததைப் புதிதாகக் கடைந்தெடுக்கிறார்கள். மரத்தாலான ப்ரொப்பெல்லர் இதழ்களை ஜெர்மனியின் ஹாஃப்மன் நிறுவனம் இன்றும் செய்துகொடுக்கிறது. பிரிட்டனைக் காத்த விமானத்துக்கு ஜெர்மனியிலிருந்து ப்ரொப்பெல்லர் வருவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். மரம் என்பதில் ஒரு நன்மையும் இருக்கிறது: இதழ் தரையில் பட்டால் நொறுங்கிப்போகும், எஞ்சினுக்குப் போகும் அதிர்ச்சி குறையும்.

ஸ்பேனர்கூடத் தனி. நட்டும் போல்ட்டும் விட்வொர்த் போன்ற பழைய பிரிட்டிஷ் அளவுகளில் இருப்பதால் நம் ஊர் மெட்ரிக் ஸ்பேனர் செட் எதற்கும் உதவாது.

இவ்வளவு மாற்றிய பிறகு அது பழைய விமானம்தானா?

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

பி9374 என்ற மார்க் 1 ஸ்பிட்ஃபயர் 1940 மே மாதம், பிரிட்டிஷ் படைகள் டன்கிர்க் துறைமுகம் வழியே பிரான்ஸைவிட்டுப் பின்வாங்கிய சமயத்தில், பிரான்ஸின் கலே கடற்கரையில் இறங்கி மணலுக்குள் புதைந்துபோனது. நாற்பது வருடம் கழித்து, 1980-இல், மணல் விலகி வெளியே தெரிந்தது. உப்பில் ஊறிய அலுமினியத்தை வைத்து யாரும் பறக்க முடியாது. அதை 2011-இல் மறுபடி பறக்க வைத்தபோது உடலில் பெரும்பகுதி புதிதாகச் செய்யப்பட்டதுதான். 2015-இல் 31 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது.

முழுக்க மூலப் பொருளோடு ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றால், அதற்கு வேறு இடம் இருக்கிறது. கே9942 என்பது இன்று மிஞ்சியிருக்கும் ஸ்பிட்ஃபயர்களிலேயே பழையது. அது ராயல் ஏர் ஃபோர்ஸ் மியூசியத்தில் பறக்காமல் நிற்கிறது. அப்படி நிற்பதால்தான் அதன் தகடுகளும் ரிவெட்டுகளும் அன்று இருந்தபடி இருக்கின்றன. பறக்கும் விமானத்தில் முதுகெலும்புபோல இருக்கும் இறக்கைத் தண்டை, விரிசலோ அரிப்போ தெரிந்தால், மாற்றியே ஆக வேண்டும். அந்தத் தண்டு ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய சதுரக் குழாய்களால் ஆனது. உள்குழாயில் அரிப்பு ஏற்பட்டால் வெளியே தெரியாது. பழையது என்பதற்காக அதை விட்டுவைத்தால் விமானியின் உயிரோடு விளையாடுவதாகிவிடும்.

என் கருத்து: இரண்டும் வேண்டும். சில விமானங்கள் அப்படியே தொடாமல் இருக்கட்டும். சில பறக்கட்டும். மெர்லின் எழுப்பும் ஒலியையும், அதை ஓட்டவும் பழுதுபார்க்கவும் தெரிந்த கைகளையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்ற முடியாது. ஒரு தலைமுறை விட்டுவிட்டால் அந்த வேலை தெரிந்தவர்கள் இல்லாமல் போவார்கள்.

குளிர்காலத்தில் என்ன செய்வார்கள்?

பறக்கும் பருவம் வசந்தம் தொடங்கி இலையுதிர்காலம் வரை. அது முடிந்ததும் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்ப்பார்கள். எஞ்சின் மேல் மூடி, பக்கத் தகடுகள், இறக்கையில் துப்பாக்கி இருந்த அறையின் கதவுகள், இடப்பக்கம் இருக்கும் ரேடியோ கதவு எல்லாம் திறக்கப்படும். சக்கரத்தை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக், பிரேக்குக்கும் ஃப்ளாப்புக்கும் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் தகடு) வேண்டிய அழுத்தக் காற்றுக் குழாய்கள், சுக்கானைப் போர்த்தியிருக்கும் துணி என்று வரிசையாகச் சோதனை நடக்கும். சில வருடங்களுக்கு ஒருமுறை பெரிய சர்வீஸ் வரும். அப்போது விமானம் ஒரு பருவம் முழுக்கக் கண்ணில் படாமலும் போகலாம்.

துப்பாக்கிகள் வேலை செய்யுமா?

செய்யாது. பறக்கும் ஸ்பிட்ஃபயர்களில் நீங்கள் பார்ப்பது போலிக் குழல்கள், அல்லது செயலிழக்கச் செய்தவை.

காக்பிட்டுக்குள் ஏறுவது எப்படி?

எப்போதும் இடப்பக்கமிருந்து. இறக்கையும் உடலும் சேரும் இடத்தில் மட்டும்தான் கால் வைக்கலாம்; ஃப்ளாப் மேல் மிதிக்கவே கூடாது. மேல்மூடியைப் பின்னால் தள்ளி, பக்கத்தில் இருக்கும் சின்னக் கதவைக் கீழ்ப்பக்கமாக மடக்கித் திறந்து, இருக்கையின் மேல் நின்று, பிறகு உடம்பை மெதுவாக உள்ளே இறக்க வேண்டும். கதவின் உள்பக்கம் ஒரு கடப்பாரை செருகியிருக்கும். மூடி சிக்கிக்கொண்டால் உடைத்து வெளியேற.

உட்காரும் மெத்தை என்று தனியாக எதுவும் இல்லை. விமானி கட்டிக்கொண்டு வரும் பாராசூட்டே மெத்தை. இடம் குறுகலாக இருப்பதால் கட்டுப்பாட்டுக் கம்பு முழுக்கப் பக்கவாட்டில் சாயாது, மேல்பாதி மட்டும் மடங்கும். சக்கரத்தை ஏற்றும் நெம்புகோல் வலப்பக்கம் இருக்கிறது. ஆகவே தரையை விட்டு எழும்பியதும் விமானி த்ராட்டிலிலிருந்து இடது கையை எடுத்துக் கம்பைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் சக்கரத்தை ஏற்ற வேண்டும். பழகாதவர்கள் கை மாற்றும்போது விமானம் மேலும் கீழும் ஆடுவதைக் கீழே இருந்தே பார்க்கலாம்.

ஏறும் முன் பாக்கெட்டைக் காலிசெய்யச் சொல்வது ஏன்?

ஸ்பிட்ஃபயரின் காக்பிட்டுக்குத் தரை கிடையாது. குதிகால் வைக்க இரண்டு நீளத் தகடுகள் மட்டும் உண்டு. கீழே விழும் பேனாவோ நாணயமோ நேராக விமானத்தின் வயிற்றுக்குள் போய்விடும். அங்கேதான் சுக்கானையும் வாலையும் இயக்கும் கம்பிகள் ஓடுகின்றன. ஒரு நாணயம் தவறினால் அது கிடைக்கும் வரை விமானம் பறக்காது. யாராவது பாக்கெட்டைக் காட்டச் சொன்னால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நானும் உட்கார்ந்து பார்க்க முடியுமா?

மெமோரியல் ஃப்ளைட்டின் விமானங்களில் பொதுமக்கள் ஏற முடியாது. அவை பணியில் இருக்கும் விமானப்படை விமானங்கள். சுற்றிப் பார்ப்பதற்குக் கோனிங்ஸ்பியில் பார்வையாளர் மையம் இருக்கிறது. வழிகாட்டியோடு ஹேங்கருக்குள் அழைத்துப் போவார்கள். கிளம்பும் முன் அன்று திறந்திருக்கிறதா, முன்பதிவு வேண்டுமா என்று கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் போனால் பாதி விமானங்கள் ஏதோ நிகழ்ச்சிக்குப் போயிருக்கலாம். குளிர்காலத்தில் போனால் எல்லாம் அங்கேயே இருக்கும், ஆனால் பிரித்துப்போட்ட நிலையில். என்னைக் கேட்டால் குளிர்காலத்தையே சொல்வேன். தகடு கழற்றிய ஸ்பிட்ஃபயரின் உள்ளே எவ்வளவு குழாயும் கம்பியும் இருக்கின்றன என்பதை வேறெப்போதும் பார்க்க முடியாது.

காசு செலவில்லாமல் பார்க்க லண்டனிலேயே ஹென்டனில் உள்ள ராயல் ஏர் ஃபோர்ஸ் மியூசியம், சயின்ஸ் மியூசியம், இம்பீரியல் வார் மியூசியம் மூன்றும் இருக்கின்றன. கென்ட்டில் மான்ஸ்டனில் ஸ்பிட்ஃபயருக்கும் ஹரிக்கேனுக்குமென்றே ஒரு நினைவு மியூசியம் உண்டு, அதுவும் இலவசம். பறக்கும் விமானத்தை மெக்கானிக்குகள் பழுதுபார்ப்பதைப் பார்க்க வேண்டும் என்றால் கேம்பிரிட்ஜ் பக்கத்தில் உள்ள டக்ஸ்ஃபோர்டு விமான மியூசியத்துக்கோ, பெட்ஃபோர்ட்ஷையரில் ஓல்ட் வார்டனில் உள்ள ஷட்டில்வொர்த் கலெக்ஷனுக்கோ டிக்கெட் எடுத்துப் போங்கள்.

பயணியாகப் பறக்க முடியுமா?

முடியும், ஆனால் இரண்டு இருக்கை உள்ள ஸ்பிட்ஃபயரில். போருக்குப் பிறகு சில மார்க் 9 விமானங்களைப் பயிற்சிக்காக இப்படி மாற்றினார்கள். குட்வுட், பிகின் ஹில், டக்ஸ்ஃபோர்டு போன்ற இடங்களிலிருந்து தனியார் நிறுவனங்கள் அழைத்துப் போகின்றன. அரை மணி நேரத்துக்குச் சுமார் 3,000 பவுண்டு ஆகும். உயரம், எடை, உடல்நிலை பற்றிய நிபந்தனைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

முக்கியமான ஒன்று: இவை சாதாரணப் பயணிகள் விமானத்துக்கான சான்றிதழில் பறப்பதில்லை. தனி அனுமதியின் கீழ் பறக்கின்றன. அந்த வித்தியாசத்தையும் ஆபத்தையும் புரிந்துகொண்டேன் என்று நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளை நிதானமாகப் படியுங்கள். வானிலை சரியில்லை என்று நாளைத் தள்ளிவைப்பது சர்வசாதாரணம், ஆகவே ஊர் திரும்பும் கடைசி நாளில் முன்பதிவு செய்யாதீர்கள்.

உண்மையில் எவ்வளவு ஆபத்து?

ஒற்றை எஞ்சின் விமானம். அது நின்றால் கிடைத்த இடத்தில் இறக்க வேண்டியதுதான். 2024 மே 25 அன்று மெமோரியல் ஃப்ளைட்டின் எம்கே356 ஸ்பிட்ஃபயர் கோனிங்ஸ்பி அருகே விழுந்ததில் ஸ்க்வாட்ரன் லீடர் மார்க் லாங் உயிரிழந்தார். அவர் டைஃபூன் விமானி. இந்தப் பிரிவின் போர் விமானங்களை ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் அவரைப்போலத் தங்கள் வழக்கமான வேலைக்கு மேல் விரும்பி இதை ஏற்றுக்கொண்டவர்கள்தான். அந்த விபத்துக்குப் பிறகு பிரிவின் எல்லா விமானங்களும் தரையில் நிறுத்தப்பட்டன.

அதற்கு முன், 1991-இல், எல்எஃப்363 என்ற ஹரிக்கேன் எஞ்சின் கோளாறால் விட்டெரிங் தளத்தில் விழுந்து தீப்பிடித்தது. விமானி தப்பினார். அதைத் திரும்பக் கட்டப் பணம் இல்லாமல், தங்களிடம் இருந்த ஒரு ஸ்பிட்ஃபயரையே விற்றார்கள். 1998-இல் ஹரிக்கேன் மறுபடி பறந்தது. தொடக்க நாளிலிருந்து உடனிருந்த விமானத்தைக் காப்பாற்ற, அதே நாளிலிருந்து உடனிருந்த இன்னொன்றை விட்டுக்கொடுத்தது எளிதான முடிவாக இருந்திருக்காது.

தமிழ்நாட்டுக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. போர்க்காலத்தில் 5,000 பவுண்டு திரட்டிக் கொடுத்தால் ஒரு ஸ்பிட்ஃபயர் வாங்கிய கணக்கு என்று பிரிட்டனும் அதன் ஆட்சியில் இருந்த நாடுகளும் நன்கொடை சேர்த்தன. அப்போது சென்னை மாகாணத்திலிருந்தும் பணம் போனது. பிரிட்டிஷ் விமானப்படையின் மூன்று ஸ்க்வாட்ரன்களுக்கு (படைப்பிரிவுகளுக்கு) 'மெட்ராஸ் பிரெசிடென்சி' என்றே பெயர் சேர்த்தார்கள்: 79, 234, 264. இதில் 234 பிரிட்டன் வான்போரில் ஸ்பிட்ஃபயரோடு சண்டையிட்டது. 79 ஹரிக்கேனோடு, 264 டிஃபையன்ட் என்ற போர் விமானத்தோடு. அந்நிய ஆட்சியின் போருக்கு நம் மாகாணம் பணம் கொடுத்த வரலாறு இது. அதைப் பெருமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் இங்கிலாந்து மியூசியங்களில் அந்தப் பெயரைப் பார்க்கும் தமிழர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இந்தியாவில் ஸ்பிட்ஃபயரைப் பார்க்க முடியுமா?

முடியும். டெல்லியில் பாலம் என்ற பகுதியில் உள்ள இந்திய விமானப்படை மியூசியத்தில் என்எச்631 என்ற மார்க் 8 இருக்கிறது. அங்கேயே ஹரிக்கேன், டெம்பெஸ்ட், லைசாண்டர் விமானங்களும் உண்டு. பர்மா போர்முனையில் இந்திய விமானிகள் ஹரிக்கேனிலும், 1944-இல் 8-ஆம் ஸ்க்வாட்ரன் மார்க் 8 ஸ்பிட்ஃபயருக்கு மாறிய பிறகு அதிலும் பறந்தார்கள். மேலே சொன்ன இரண்டு இருக்கை மார்க் 9-களிலும் பத்து இந்திய விமானப்படை வாங்கியவை. பாலம் மியூசியம் விமானப்படை வளாகத்தை ஒட்டியது. அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், விடுமுறை நாளையும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

போட்டோ எடுக்கலாமா? விமானத்தைத் தொடலாமா?

இங்கிலாந்து மியூசியங்களில் பெரும்பாலும் எடுக்கலாம். விமானப்படைத் தளங்களுக்குள் வழிகாட்டி சொல்லும் பக்கம் மட்டும் கேமராவைத் திருப்புங்கள். தொடுவதற்கு எப்போதும் கேட்டுவிட்டுத் தொடுங்கள். மோதிரமும் வாட்ச் பட்டையும் பெயின்ட்டைக் கீறும். நின்றுகொண்டிருக்கும் ப்ரொப்பெல்லரின் சுற்றுவட்டத்துக்குள் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள், எஞ்சின் அணைந்திருந்தாலும் சரி. சூடான மெர்லினில் மாக்னெட்டோவுக்கான தொடர்பில் ஒரு கோளாறு இருந்தால், இதழை லேசாகத் தள்ளினாலே அது ஒரு வெட்டு வெட்டிச் சுற்றக்கூடும்.